செஷன்ஸ் கோர்ட்டில் ஒரு கொலை வழக்கு எப்படி நிற்கிறது, எப்படி விழுகிறது

கேள்வி இதுதான்: சினிமாவில் வக்கீல் கடைசி நேரத்தில் ஒரு கேள்வி கேட்கிறார், சாட்சி கூண்டிலேயே உடைந்து அழுகிறார், நிஜத்தில் இரண்டு தரப்பு வக்கீல்களும் ஒரு கிரிமினல் வழக்கை எப்படித் தயார் செய்கிறார்கள்?

தென் மாவட்டம் ஒன்றில் செஷன்ஸ் கோர்ட்டில் இருபது வருடத்துக்கு மேலாக எதிரித் தரப்பில் ஆஜராகி வருகிறேன். (எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். எங்கள் கோர்ட்டுத் தமிழில் அவருக்கு அதுதான் பெயர். "யாருக்குப்பா எதிரி?" என்று என் மகள் ஒருமுறை கேட்டாள், பதில் சொல்லத் தெரியவில்லை.) இத்தனை வருடத்தில் கூண்டில் நின்று உண்மையைக் கொட்டி அழுத சாட்சி ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் பேப்பர்தான். பேப்பரில் இருக்கும் மணிகள், அதாவது எது எத்தனை மணிக்கு நடந்தது என்ற நேரங்கள்.

அரசுத் தரப்பு வழக்கை அரசு வக்கீல் கட்டுகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டுவது இன்ஸ்பெக்டர். அதுவும் சம்பவம் நடந்த முதல் 24 மணி நேரத்தில், தூக்கமில்லாமல், கூட்டம் ஸ்டேஷன் வாசலில் மறியல் பண்ணிக்கொண்டிருக்கும்போது. அரசு வக்கீல் கைக்கு வழக்குக் கட்டு வரும்போது குற்றப்பத்திரிகை போட்டு மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஓடியிருக்கும். எஃப்ஐஆரில் எழுதிய மணியை அவரால் மாற்ற முடியாது, சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரில் விட்டுப்போன தெருவிளக்கை அவரால் நட முடியாது. ஊற்றிய கான்கிரீட் காய்ந்த பிறகு வந்த மேஸ்திரி மாதிரி அவர் நிலைமை. எங்கள் வேலையோ அதில் எங்கே கம்பி வைக்காமல் பூசியிருக்கிறார்கள் என்று தட்டிப் பார்ப்பது. நீதிபதி போய் உண்மையைத் தேடுவதில்லை, இரண்டு தரப்பும் முன்னால் வைத்ததை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். எந்தச் சாட்சியிடமும் எந்தக் கேள்வியும் கேட்கிற அதிகாரம் அவருக்கும் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் அதிகம் கேட்க மாட்டார்.

சரி, ஒரு கற்பனை வழக்கை வைத்துக்கொண்டு பார்க்கலாம், அப்போதுதான் புரியும். இரவு 8.30, டீக்கடை வாசல், இடப்பிரச்சினையில் ஒருவரை வெட்டிவிடுகிறார்கள். தம்பி பார்த்ததாகச் சொல்கிறார். 9.10க்கு அரசு ஆஸ்பத்திரி, 9.40க்கு இறப்பு. 10.30க்குத் தம்பி ஸ்டேஷனில் புகார் கொடுக்கிறார், 5 பேர் பெயருடன். மறுநாள் காலை 7 மணியிலிருந்து 9 மணி வரை பிரேத விசாரணை. எஃப்ஐஆரில் நடுவர் (மாஜிஸ்திரேட்) கையெழுத்துப் போட்ட நேரம்: மறுநாள் காலை 11.15.

இந்தக் கட்டு என் மேசைக்கு வந்தால் நான் முதலில் தம்பியின் வாக்குமூலத்தைப் படிக்க மாட்டேன். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மணிகளை மட்டும் வரிசையாக எழுதுவேன். என் சீனியர் கற்றுக்கொடுத்தது அது. எழுதி முடித்ததும் ஒரு கேள்வி தானாக எழும்: ஸ்டேஷனிலிருந்து நடுவர் வீடு 6 கிலோமீட்டர்தான் என்றால், இரவு 10.30க்குப் பிறந்த எஃப்ஐஆர் மறுநாள் காலை 11.15 வரை எங்கே இருந்தது? எஃப்ஐஆரை உடனே நடுவருக்கு அனுப்பவேண்டும் என்று சட்டம் சொல்வது சும்மா இல்லை. போலீஸ் பிற்பாடு உட்கார்ந்து யோசித்துப் பெயர்களைச் சேர்க்க முடியாமல் ஒரு பூட்டுப் போடுவதற்காக. பூட்டு 12 மணி நேரம் திறந்தே கிடந்தால், அந்த நேரத்தில் 2 பேர் 5 பேராக ஆகியிருக்கலாம் அல்லவா? ஊரில் ஒரு கொலை விழுந்தால் பங்காளிச் சண்டையில் இருக்கும் அண்ணன், சித்தப்பா, மைத்துனன் என்று ஒரு குடும்பத்தையே எழுதிக் கொடுப்பது நம் பக்கம் புதிதா என்ன.

அடுத்து ஆஸ்பத்திரிக் குறிப்பு, நாங்கள் ஏஆர் காப்பி என்போம். டூட்டி டாக்டர், காயம்பட்டவரைக் கொண்டுவந்தவர் சொன்னதைக் கேட்டு எழுதுவது. அதில் 'தெரிந்த 2 நபர்கள் அரிவாளால் வெட்டியதாக' என்று இருந்து, கொண்டுவந்தவர் இடத்தில் தம்பி பெயர் இல்லாமல் வேறு யாரோ ஒரு ஆட்டோக்காரர் பெயர் இருந்தால், அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம் வரும். போலீஸ் மூளை கலக்காத முதல் பேப்பர் அது. அரசு வக்கீல் என்ன சொல்வார் என்பதும் தெரியும்: டாக்டர் வேலை உயிரைக் காப்பாற்றுவது, யார் யார் வெட்டினார்கள் என்று விசாரிப்பது அல்ல என்பார். அதை ஏற்றுக்கொண்ட தீர்ப்புகள் எத்தனையோ உண்டு. ஆனால் ஏஆர் காப்பி, எஃப்ஐஆர் தாமதம், பிரேத விசாரணை அறிக்கையில் எஃப்ஐஆரின் குற்ற எண் பிற்பாடு சேர்த்த மாதிரி வேறு மையில் இருப்பது, மூன்றும் ஒரே திசையில் கை காட்டும்போது நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

எஃப்ஐஆர் தாமதத்துக்கு எல்லோரும் மேற்கோள் காட்டுவது நம் ஊர் வழக்கு ஒன்றைத்தான், 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன துலியா காளி வழக்கு. ஸ்டேஷன் 2 மைல் தூரம், புகார் போனது 20 மணி நேரம் கழித்து. கீழே தூக்குத் தண்டனை வரை போன வழக்கு மேலே விடுதலையில் முடிந்தது. அதற்காகத் தாமதம் என்றாலே விடுதலை என்று நினைத்துவிடாதீர்கள். நடுவர் லீவு, பொறுப்பு நடுவர் பக்கத்து ஊர், ராத்திரி பஸ் இல்லை என்று ஒரு விளக்கம் வந்து, அதற்கு ஆதாரமும் இருந்தால் கோர்ட்டு ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் எஃப்ஐஆரை எடுத்துச் சென்ற காவலரையும் சாட்சியாகப் போடுகிறார்கள். சினிமாவில் அந்த ஆள் வரவே மாட்டார். எங்களுக்கோ அவர் முக்கியம், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எதில் போனீர்கள், வீட்டுக் கதவைத் தட்டினீர்களா என்று அரை மணி நேரம் கேட்போம். 2016இல் உச்ச நீதிமன்றம் எஃப்ஐஆரை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்றவேண்டும் என்று சொன்ன பிறகு, கம்ப்யூட்டரும் ஒரு மணியைப் பதிவு செய்து வைக்கிறது, பழையபடி தாளை வைத்துக்கொண்டு விளையாடுவது கஷ்டமாகிவிட்டது.

இப்போது தம்பிக்கு வருவோம். அவர்தான் அ.சா.1, அதாவது அரசுத் தரப்பு முதல் சாட்சி. அரசு வக்கீல் பொதுவாகப் புகார் கொடுத்தவரை முதலில், பிறகு மற்ற கண்ணால் கண்ட சாட்சிகள், மகஜர் சாட்சிகள், டாக்டர், லேப் ஆட்கள், கடைசியில் புலன் விசாரணை அதிகாரி என்ற வரிசையில்தான் போவார். நல்ல அரசு வக்கீல் சாட்சியை முந்தின நாளே உட்காரவைத்து, போலீசிடம் சொன்னதை நினைவுபடுத்திவிட்டு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லச் சொல்வார். சுமாரானவர் எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ண வைப்பார், அந்தச் சாட்சி கூண்டில் ஏறினதும் தெரிந்துவிடும், 5 எதிரியும் எந்தக் கையில் எந்த ஆயுதம் வைத்து எந்த இடத்தில் எத்தனை வெட்டு என்று ஸ்கூல் பையன் திருக்குறள் மாதிரி ஒப்பிப்பார். அப்படிப்பட்டவரிடம் நான் அதிகம் கேட்கமாட்டேன். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டோடு பொருந்தாத ஒரு வெட்டைப் பற்றி மட்டும் திரும்பச் சொல்லச் சொல்லுவேன்.

குறுக்கு விசாரணையில் ஜெயிக்கிற கேள்வி எப்படி இருக்கும் என்று கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். போலீஸ் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடமாட்டார், போடக்கூடாது. அதை வைத்துச் சாட்சியத்தை நிரூபிக்கவும் முடியாது. ஒன்றுக்குத்தான் பயன்படும்: கோர்ட்டில் மாற்றிச் சொன்னால் முரண்பாட்டைக் காட்ட. தம்பி கோர்ட்டில் 'தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்' என்கிறார், போலீசிடம் வெளிச்சம் பற்றியே சொல்லவில்லை என்று வையுங்கள். நான் அவரிடம் 'இதை நீங்கள் போலீஸ் விசாரணையில் சொல்லவில்லை' என்பேன். அவர் 'சொன்னேன்' என்பார். விட்டுவிடுவேன். ஒரு வார்த்தை வாக்குவாதம் கிடையாது. அவர் வீட்டுக்குப் போய்விடுவார். ஆறு மாதம் கழித்து இன்ஸ்பெக்டர் கூண்டில் ஏறும்போது கேட்பேன்: 'அ.சா.1 உங்கள் விசாரணையில் வெளிச்சம் பற்றிச் சொன்னாரா?' அவர் வாக்குமூலத்தைப் பார்த்துவிட்டு, 'அப்படிச் சொல்லவில்லை' என்பார். முடிந்தது. இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் அது முரண்பாடு. இந்த இரண்டாவது பாதியைக் கேட்க மறந்துபோன ஜூனியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், முதல் வருடத்தில் நானும் ஒருமுறை மறந்தேன், அந்த வழக்கில் ஆள் உள்ளே போனார். அதைப் பற்றி அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

வெளிச்சம் என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது, நம் கோர்ட்டுகளில் ராத்திரி சம்பவம் என்றால் மின்வாரிய ஆள் ஒருவரும் சாட்சியாக வருவார், அன்று அந்த நேரத்தில் கரண்ட் இருந்தது என்று சொல்ல. மாதிரி வரைபடத்தில் கம்பம் எங்கே, சாட்சி நின்ற இடம் எங்கே, இடையில் எத்தனை அடி. இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பார்த்தேன் என்பவரை முழுப் பொய்யர் ஆக்க எந்த வக்கீலாலும் முடியாது, பார்த்திருக்க முடியுமா என்ற சந்தேகத்தைத்தான் கொண்டுவர முடியும். இன்னொன்று, ஒரு விஷயத்தில் பொய் சொன்னால் எல்லாமே பொய் என்ற விதி இந்தியாவில் கிடையாது. பதரை நீக்கி நெல்லை எடுத்துக்கொள்வோம் என்பார் நீதிபதி. அதனால் 5 பேரில் 3 பேர் விடுதலை, 2 பேருக்கு ஆயுள் என்ற தீர்ப்பு ரொம்ப சகஜம்.

எதிரித் தரப்பு கடைசியில் சாட்சியிடம் ஒரு வரிசை வாக்கியங்களைப் போடும், சாட்சி மறுப்பார். அது 'நான் சம்பவத்தைப் பார்க்கவில்லை என்றால் சரியல்ல, முன்விரோதத்தால் பொய் சொல்கிறேன் என்றால் சரியல்ல' என்று பதிவாகும். சடங்கு மாதிரி தெரியும், ஆனால் கத்தி மேல் நடப்பது அது. ஆர்வத்தில் ஒரு ஜூனியர் 'உங்கள் அண்ணன்தான் முதலில் என் கட்சிக்காரரை அடித்தார்' என்று போட்டுவிட்டால், என் கட்சிக்காரர் அங்கே இருந்தார் என்பதை நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. வக்கீல் போடும் இந்த வாக்கியங்களை எதிரிக்கு எதிராகவே பார்க்கலாம் என்று 2023இல் பாலு சுதாம் கால்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே நாங்கள் வழக்கு ஆரம்பிப்பதற்கு முன்பே முடிவு செய்யவேண்டியது ஒன்று உண்டு: 'நாங்கள் அங்கே இல்லவே இல்லை' என்பதா, 'இருந்தோம், ஆனால் கொலை இல்லை, திடீர்ச் சண்டை' என்பதா. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது. வெளியே யாரும் பேசாத விஷயம் இது. எங்கள் பக்கத்து வெற்றிகளில் நிறைய முழு விடுதலை அல்ல, கொலை என்ற பிரிவிலிருந்து மரணம் விளைவித்த குற்றம் என்ற குறைந்த பிரிவுக்கு இறக்கியதுதான்.

அதற்கு நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பழைய உதாரணம் 1952இன் ஆளவந்தார் கொலை வழக்கு. செத்துப்போன ஆளவந்தார் சென்னையில் பேனா வியாபாரம் செய்தவர். தலையில்லாத உடல் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் போட் மெயிலில் பயணம் செய்து மானாமதுரையில் கண்டுபிடிக்கப்பட்டது, தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. கண்ணால் கண்ட சாட்சி கிடையாது. உடல் யாருடையது என்பதையே நிரூபித்தாக வேண்டும், மருத்துவ ஆய்வும் விரல்ரேகையும் அங்கேதான் வந்தன. எதிரிகளான கணவன் மனைவி வீட்டிலிருந்து ரயில் வரை பெட்டி போன பாதையைச் சங்கிலியாகக் கோர்த்தார்கள். ஆனாலும் தண்டனையைப் பாருங்கள்: கணவருக்கு 7 வருடம், மனைவிக்கு 3 வருடம். செத்தவர் அந்தப் பெண்ணுக்குத் தொல்லை கொடுத்தவர் என்ற பின்னணி அந்த வழக்கின் எடையையே மாற்றிவிட்டது. உடலை வெட்டிப் பெட்டியில் அடைத்த ஒரு வழக்கில் இப்படி ஒரு முடிவு வந்தது என்றால், அது தடயத்தைப் பொய்யாக்கி வந்தது அல்ல.

நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்குகளுக்கு இன்று எல்லோரும் போய் நிற்பது 1984இன் சரத் பிர்திசந்த் சார்தா தீர்ப்பில். சங்கிலியில் ஒரு கண்ணிகூட அறுந்திருக்கக் கூடாது, எதிரி குற்றவாளி என்பதைத் தவிர வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் இருக்கக் கூடாது. இங்கே அரசுத் தரப்பின் பிடித்தமான கண்ணி, எதிரி சொல்லி ஆயுதத்தை எடுத்தோம் என்பது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. ஆனால் அதன் மூலம் ஒரு பொருள் புதிதாகக் கிடைத்தால், அந்தப் பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தில் 27ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 23ஆம் பிரிவு. இதனால் என்ன நடக்கிறது என்றால், ஊரில் எத்தனை கொலை நடந்தாலும் அரிவாள் மட்டும் முள்புதரில்தான் கிடைக்கும், எதிரி போலீசை அழைத்துப் போய் எடுத்துக் கொடுப்பார், கூட விஏஓவும் அவர் உதவியாளரும் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். நான் விஏஓவிடம் கேட்பது: நீங்கள் போகும்போது ஏற்கெனவே போலீஸ் அங்கே நின்றதா, மகஜர் எங்கே வைத்து எழுதினீர்கள், யார் எழுதினது? சில விஏஓக்கள் நேர்மையாக 'ஸ்டேஷனில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்' என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கண்ணி அங்கேயே அறுந்தது. இப்போது சோதனையையும் பொருள் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்கவேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 105ஆம் பிரிவு சொல்கிறது, 7 வருடமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் ஆட்கள் சம்பவ இடத்துக்கு வரவேண்டும் என்று 176 சொல்கிறது. ஒழுங்காக எடுத்தால் அரசுத் தரப்புக்கு லாபம். வீடியோ இல்லை என்றால் அந்தக் காலியிடத்தைத்தான் நான் காட்டுவேன்.

சிசிடிவியும் அதே கதைதான். படம் தெளிவாக இருக்கும், ஆனால் மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழை இணைக்க மறந்திருப்பார்கள். 2014இல் அன்வர் வழக்கிலும் 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கிலும் அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று சொல்லியாகிவிட்டது. டிவியில் ஊரே பார்த்த காட்சியைக் கோர்ட்டு பார்க்க முடியாமல் போகலாம்.

பிறழ் சாட்சி, அதாவது முன்பு சொன்னதை கோர்ட்டில் மாற்றிவிடும் சாட்சி பற்றியும் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் வழக்கு விழுவதற்கு எங்கள் திறமையை விட அதுதான் பெரிய காரணம், வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். அரசு வக்கீல் செய்யும் முதல் விசாரணை ஒரு நாள், குறுக்கு விசாரணைக்கு வாய்தா வாங்கிக்கொண்டு இன்னொரு நாள், இடையில் ஊர்ப் பெரியவர்கள் பேசி, பணமோ பயமோ புகுந்து, திரும்பி வரும் சாட்சி எதையும் பார்க்கவில்லை என்பார். 2015இல் வினோத் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிக் குறுக்கு விசாரணையைத் தள்ளிப்போடுவதைக் கடுமையாகக் கண்டித்தது, ஆனாலும் வாய்தா கேட்பது நிற்கவில்லை. டெல்லியில் 1999இல் நடந்த ஜெசிகா லால் கொலை இதற்கு நாடறிந்த உதாரணம். முக்கிய சாட்சி ஒருவர், என் வாக்குமூலத்தை இந்தியில் எழுதினார்கள், எனக்கு இந்தி தெரியாது என்றார். துப்பாக்கி கிடைக்கவே இல்லை, கிடைத்த 2 தோட்டா உறைகளும் வெவ்வேறு துப்பாக்கியிலிருந்து வந்தவை என்ற வாதம் கிளம்பியது. 2006 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. அதே டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதே சாட்சியத்தைப் படித்து முக்கிய எதிரிக்கு ஆயுள் கொடுத்தது, 2010இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பிறழ்ந்த சாட்சி சொன்னதெல்லாம் குப்பைக்குப் போவதில்லை, மற்றவற்றோடு பொருந்துகிற பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்பது சட்டம்.

எல்லாச் சாட்சியும் முடிந்ததும் நீதிபதி எதிரியைக் கூப்பிட்டு, உங்களுக்கு எதிராக இப்படி இப்படிச் சாட்சியம் வந்திருக்கிறது, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பார். பெரும்பாலும் 'பொய்', 'தெரியாது' இரண்டே வார்த்தைதான் பதில். சத்தியப் பிரமாணம் கிடையாது, வாயைத் திறக்காமலும் இருக்கலாம். ஆனால் வீட்டுக்குள் கணவனும் மனைவியும் மட்டும் இருந்து மனைவி செத்துப்போன வழக்கில் 'தெரியாது' என்பது ஆளைக் கவிழ்த்துவிடும், அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை அவர்தான் விளக்கவேண்டும். அந்தப் பதில்களுக்காக நான் கட்சிக்காரரோடு இரண்டு மூன்று தடவை ஜெயிலில் உட்கார்ந்திருக்கிறேன், வேறு எந்தக் கட்டத்துக்கும் அவ்வளவு நேரம் செலவழித்ததில்லை.

நேரில் பார்க்க ஆசை இருந்தால் உங்கள் ஊர் மாவட்ட கோர்ட்டுக்குப் போங்கள், பொதுவாக விசாரணை திறந்த கோர்ட்டில்தான் நடக்கும், பின்பெஞ்சில் உட்காரலாம், செல்போனை மட்டும் அணைத்து வையுங்கள். அறிவிப்புப் பலகையில் பார்த்து, புலன் விசாரணை அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்கிற நாளாகப் போங்கள். வக்கீல் கையில் ஒரே ஒரு தாள் இருக்கும். அதில் கேள்விகள் இருக்காது, மணிகள் இருக்கும்.